லோயர் தர்ட் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு, லோகோவின் சிவப்பு ஆரஞ்சாகிறது: தப்பு எங்கே?

பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:

வணக்கம். பத்துமலைப் படிக்கட்டில் எடுத்த வீடியோ, 1080, நொடிக்கு 25 ஃபிரேம், எச்.264. அதன்மேல் மூன்று சமாச்சாரம் ஏற வேண்டும். ஒன்று, பெயர் காட்டும் லோயர் தர்ட்: மஞ்சள் எழுத்து, மெல்லிய நிழல், டிசைனர் கொடுத்த புரோரெஸ் 4444 (ஒளிபுகும் பகுதியையும் சேர்த்து வைக்கும் வீடியோ கோப்பு). இரண்டாவது, மூலையில் லோகோ: 2000 பிக்சல் அகல பிஎன்ஜி, அதை 200 பிக்சலுக்குச் சுருக்குகிறேன். மூன்றாவது, கீழே ஓடும் சிவப்பு எழுத்து டிக்கர், அதுவும் பிஎன்ஜிதான்.

எஃப்எஃப்எம்பெக்கில் (கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் மென்பொருள்) ஓவர்லே ஃபில்டர் (ஒரு படத்தை இன்னொன்றின்மேல் வைப்பது) போட்டு ஏற்றுகிறேன், ஆப்ஷன் எதுவும் கொடுக்கவில்லை. வருவது இது: மஞ்சள் எழுத்தைச் சுற்றி ஒரு அழுக்குக் கோடு. கறுப்புப் பின்னணியில் தெரியாது, வண்ணப் படிகள் பின்னால் வந்தால் பளிச்சென்று தெரிகிறது. லோகோவில் குங்குமச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் போய்விட்டது, ஓரத்தில் ரோஜா நிறக் கோடு வேறு. டிக்கர் நடுங்கி நடுங்கி ஓடுகிறது, மெய்யெழுத்தின் புள்ளிகள் நிறம் செத்து மங்கலாக இருக்கின்றன. பிட்ரேட்டை 8 மெகாபிட்டிலிருந்து 20க்கு ஏற்றிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.

இதே கிராஃபிக்ஸைத் தைப்பூச நேரலைக்கு ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளிலும் போட வேண்டும். எது டிசைனர் தப்பு, எது என் தப்பு என்றாவது தெரிந்தால் போதும்.


பட்டர்வொர்த் கம்பாசிட்டர்:

பிட்ரேட்டை விடுங்கள் அண்ணே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, குறைந்தது நான்கு. ஒன்றாகப் போட்டு நோண்டினால் எதுவும் பிடிபடாது. நான் கறுப்புக் கோட்டை மட்டும் பார்க்கிறேன்.

ஆல்ஃபா என்பது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவு. அதைச் சுமக்கும் கோப்பு இரண்டு விதமாக வரும். ஸ்ட்ரெய்ட் என்றால் நிறம் முழுசாக இருக்கும், எவ்வளவு தெரிய வேண்டும் என்பது ஆல்ஃபாவில் தனியாக இருக்கும். பிரீமல்டிப்ளைட் என்றால் நிறத்தை ஏற்கனவே ஆல்ஃபாவால் பெருக்கி வைத்திருப்பார்கள், அதனால் ஓரப் பிக்சல்கள் கறுப்போடு கலந்தே இருக்கும். இரண்டாவது வகைக் கோப்பை முதல் வகை என்று நினைத்து மென்பொருள் மறுபடியும் பெருக்கினால் ஓரம் இருட்டடிக்கும்.

கணக்கில் பாருங்கள். எழுத்தின் மஞ்சளில் சிவப்புச் சேனல் 255, பின்னணியில் 200, ஓரப் பிக்சலின் ஆல்ஃபா பாதி. சரியாகக் கலந்தால் 127.5 கூட்டல் 100, கிட்டத்தட்ட 228. பிரீமல்டிப்ளைட் கோப்பில் அந்தப் பிக்சல் முன்பே 127.5 ஆக இருக்கிறது. ஓவர்லே ஃபில்டர் வழக்கமாக ஸ்ட்ரெய்ட் என்றே எடுத்துக்கொண்டு அதை மறுபடி பாதியாக்கும்: 64 கூட்டல் 100, மொத்தம் 164. எழுத்து 255, பின்னணி 200, நடுவில் 164. எழுத்தையும் பின்னணியையும்விட இருட்டான ஒரு வரம்பு வருகிறதே, அதுதான் உங்கள் அழுக்குக் கோடு. பின்னணி கறுப்பாக இருந்தால் அந்த இருட்டு அதோடு கரைந்துவிடும். டிசைனர் கறுப்புத் திரையில் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று அனுப்பியிருப்பார்.

கோப்பு எந்த வகை என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆல்ஃபாவைக் கழற்றிவிட்டு ஆர்ஜிபியை (சிவப்பு, பச்சை, நீலம்) மட்டும் ஒரு ஃபிரேம் எடுங்கள். எழுத்து கறுப்பின்மேல் வழவழவென்று அழகாகத் தெரிந்தால் பிரீமல்டிப்ளைட். ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்து, எழுத்துக்கு வெளியேயும் நிறம் திட்டுத் திட்டாகப் பரவி அசிங்கமாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். அசிங்கமாக இருப்பதுதான் இங்கே நல்ல அடையாளம்.

பிரீமல்டிப்ளைட் என்றால் ஓவர்லேயில் ஆல்ஃபா ஆப்ஷனை ‘பிரீமல்டிப்ளைட்’ என்று மாற்றினாலே போதும். நான் அதைவிட, முதலில் கோப்பை ஜிபிஆர்ஏபி (ஆர்ஜிபியோடு ஆல்ஃபா) ஃபார்மட்டுக்கு மாற்றி, அன்பிரீமல்டிப்ளை ஃபில்டரை இன்பிளேஸ்=1 என்று போட்டு, ஸ்ட்ரெய்ட் ஆக்கியபின் ஏற்றுவேன். அடுத்து எத்தனை ஃபில்டர் வந்தாலும் ‘இப்போது எந்த வகை’ என்ற குழப்பம் இருக்காது.

டிசைனர் பக்கத்திலேயே முடிக்க வேண்டுமானால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அவுட்புட் மாட்யூலில் சேனல் ஆர்ஜிபி + ஆல்ஃபா, கலர் ஸ்ட்ரெய்ட் (அன்மேட்டட்). கேட்டு வாங்குங்கள். கோப்பை அங்கேயே திரும்ப இறக்கினால் இன்டர்பிரட் ஃபுட்டேஜில் ‘கெஸ்’ பட்டனை நம்ப வேண்டாம், நிழல் அதிகமுள்ள கிராஃபிக்ஸில் அது தப்பாகவும் சொல்லும். டாவின்சி ரிசால்வில் இதே விஷயம் கிளிப் ஆட்ரிப்யூட்ஸுக்குள் ஆல்ஃபா மோட் என்ற பெயரில் இருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும், தெரிந்து வையுங்கள். ஸ்ட்ரெய்ட் கோப்பைப் பிரீமல்டிப்ளைட் என்று சொல்லிவிட்டால் அதே ஓரப் பிக்சல் 255 கூட்டல் 100, அதாவது 255இல் முட்டி நிற்கும். எழுத்து தடித்து, ஓரம் வெளுத்து, படிக்கட்டு போல வெட்டி வெட்டித் தெரியும். கறுப்புக் கோடு போய் இது வந்தால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.


பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:

ஆர்ஜிபியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். லோயர் தர்ட் கறுப்பின்மேல் வழவழவென்றுதான் இருக்கிறது, ஆக பிரீமல்டிப்ளைட். அன்பிரீமல்டிப்ளை போட்டதும் கோடு போய்விட்டது, நிழலும் மெலிதாகிச் சரியாக உட்கார்ந்தது. நன்றி அண்ணே.

ஆனால் லோகோ பிஎன்ஜியின் ரோஜா ஓரம் அப்படியே இருக்கிறது. பிஎன்ஜி எப்போதும் ஸ்ட்ரெய்ட்தானே?


பட்டர்வொர்த் கம்பாசிட்டர்:

விதிப்படி பிஎன்ஜி ஸ்ட்ரெய்ட்தான். உங்கள் கோப்பிலும் தப்பில்லை, சுருக்கும் இடத்தில்தான் கெடுகிறது.

முழுக்கத் தெரியாத பிக்சலுக்கும் ஏதாவது ஒரு ஆர்ஜிபி மதிப்பு உள்ளே இருக்கும். சில மென்பொருள் அங்கே கறுப்பை வைக்கும், சில வெள்ளையை. உங்கள் லோகோவில் வெள்ளை இருக்கிறது என்று ஓரத்தைப் பார்த்தே சொல்லலாம். ஸ்கேல் ஃபில்டர் ஆல்ஃபாவைக் கண்டுகொள்ளாது, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகச் சராசரி போடும். குங்குமம் 220, 20, 20. பக்கத்தில் மறைந்திருக்கும் வெள்ளை 255, 255, 255. பாதிக்குப் பாதி கலந்தால் 237, 137, 137. அது ரோஜா நிறமேதான். 2000ஐ 200க்குக் கொண்டுவரும்போது ஓரப் பிக்சல் ஒவ்வொன்றிலும் இந்தக் கலப்பு நடக்கும்.

வரிசையை மாற்றுங்கள்: ஜிபிஆர்ஏபி, பிரீமல்டிப்ளை இன்பிளேஸ்=1, ஸ்கேல் 200, அன்பிரீமல்டிப்ளை இன்பிளேஸ்=1, அதன்பிறகு ஓவர்லே. முதலில் பெருக்கிவிட்டால் தெரியாத பிக்சலின் நிறம் பூச்சியமாகிவிடும், சராசரியில் அதற்குக் குரலே இருக்காது. இதைவிடச் சுருக்கமான வழி, டிசைனரிடம் 200 பிக்சலிலேயே லோகோவை வாங்கிவிடுவது. பத்து மடங்கு சுருக்கத்தை ஃபில்டர் தலையில் கட்டுவதைவிட அவர் கண்ணால் பார்த்துச் செய்வது நல்லது, மெல்லிய கோடுகளை அவரே தடிப்பாக்கிக் கொடுப்பார்.


செந்தூல் என்கோடர்:

ஆரஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். இது ஆல்ஃபா இல்லை, மேட்ரிக்ஸ், அதாவது நிறத்தை மாற்றும் கணக்கு.

பிஎன்ஜி ஆர்ஜிபி, உங்கள் வீடியோ ஒய்யுவி (வெளிச்சம் தனி, நிறம் தனி). ஏற்றும் முன் லோகோ ஒய்யுவி ஆக வேண்டும். அந்த மாற்றத்துக்கு எஸ்டி காலத்து பிடி.601 கணக்கு ஒன்று, எச்டிக்கான பிடி.709 கணக்கு ஒன்று. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக்கின் ஸ்கேலர் 601ஐ எடுத்துக்கொள்ளும். பிளேயரோ 1080 வீடியோவைப் பார்த்து 709இல் அவிழ்க்கும். பூட்டு ஒரு சாவியில், திறப்பு வேறு சாவியில்.

மேலே சொன்ன அதே குங்குமத்தை ஓட்டிப் பாருங்கள். 220, 20, 20ஐ 601இல் மாற்றி 709இல் அவிழ்த்தால் ஏறக்குறைய 237, 39, 17 வரும். பச்சை இரட்டிப்பு ஆகிறது, அதனால் ஆரஞ்சுச் சாயல். வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூன்றும் அசையாது. லோகோவின் வெள்ளைப் பகுதி சரியாக இருந்து வண்ணங்கள் மட்டும் நகர்ந்திருந்தால் மேட்ரிக்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கறுப்பு சாம்பலாக வெளுத்தோ, நிழல்கள் அடைத்துக்கொண்டோ இருந்தால் அது ரேஞ்ச் குழப்பம்: 16 முதல் 235 வரை இருக்க வேண்டியதை 0 முதல் 255 என்று படித்திருக்கிறது, அல்லது எதிர்மாறாக.

லோகோ சங்கிலியில், ஓவர்லேக்கு முன்னால், ஸ்கேல் ஃபில்டரில் அவுட் கலர் மேட்ரிக்ஸ் பிடி709, அவுட் ரேஞ்ச் லிமிடெட் என்று கொடுத்து, உடனே ஃபார்மட்டை ஒய்யுவிஏ444பி (ஒய்யுவியோடு ஆல்ஃபா, பிக்சலுக்குப் பிக்சல் நிறம்) என்று பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஃபில்டர்களுக்கு நடுவில் எஃப்எஃப்எம்பெக் தானாக இன்னொரு மாற்றத்தைச் செருகும், நீங்கள் கொடுத்த மேட்ரிக்ஸ் அங்கே காற்றில் போகும். ஸ்கேல் ஃபிளாக்ஸில் அக்யுரேட் ரவுண்டிங், ஃபுல் குரோமா இன்டர்போலேஷன், ஃபுல் குரோமா இன்புட் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், 200 பிக்சல் லோகோவுக்கு அது கணக்கே இல்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. வெளியீட்டில் கலர்ஸ்பேஸ், பிரைமரிஸ், டிரான்ஸ்ஃபர் மூன்றையும் 709 என்று எழுதுவது வெறும் சீட்டு ஒட்டுவதுதான், உள்ளே இருக்கும் பிக்சலை அது மாற்றாது. 601இல் மாற்றிய லோகோமேல் 709 சீட்டை ஒட்டினால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கும். முதலில் மாற்றம், பிறகு சீட்டு. இரண்டும் வேண்டும்.

சோதிக்க லோகோ வேண்டாம். 220, 20, 20 நிறத்தில் 100க்கு 100 சதுரம் ஒன்றை பிஎன்ஜியாகச் செய்து ஏற்றுங்கள். வெளியே வந்த வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேம் எடுத்து, நடுப் பிக்சலைக் கலர் பிக்கரில் படியுங்கள். ஒன்றிரண்டு எண் முன்பின் இருக்கலாம். 237, 39 பக்கம் வந்தால் இன்னும் 601. பிளேயர் ஜன்னலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சோதிக்காதீர்கள், மானிட்டர் புரொஃபைலும் அதில் கை வைத்திருக்கும். எடுக்கும் ஃபிரேமும் சரியான மேட்ரிக்ஸில் அவிழ வேண்டும் என்பதால் அங்கேயும் இன் கலர் மேட்ரிக்ஸ் 709 என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 601இல் பூட்டி 601இலேயே திறந்து, எல்லாம் சரி என்று ஏமாந்துபோவீர்கள்.


ஜார்ஜ்டவுன் சுவிட்சர்:

டிக்கர் இன்னும் யாரும் தொடவில்லையே. நடுக்கமும் புள்ளியும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: 4:2:0.

ஓவர்லே ஃபில்டர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒய்யுவி420இல் வேலை செய்யும். அதில் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் இருக்கும், நிறம் மட்டும் இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்கு ஒன்றுதான். நிறக் கட்டத்தை உடைக்க முடியாது என்பதால் கிராஃபிக்கை வைக்கும் இடத்தை ஃபில்டர் இரட்டை எண்ணுக்கு இறக்கிவிடும். நீங்கள் ஃபிரேமுக்கு 3 பிக்சல் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 0, 3, 6, 9, 12 என்று போக வேண்டியது 0, 2, 6, 8, 12 என்று போகும். ஒரு ஃபிரேமில் 2, அடுத்ததில் 4. நடுக்கம் என்று நீங்கள் சொல்வது இந்த நொண்டலைத்தான். ஓவர்லேயின் ஃபார்மட்டை ஒய்யுவி444 ஆக்கினால் ஒற்றைப் பிக்சலிலும் நிற்கும். அல்லது 420இலேயே வைத்துக்கொண்டு ஃபிரேமுக்கு 4 பிக்சல் ஓட்டுங்கள்: 25 ஃபிரேமில் நொடிக்கு 100 பிக்சல், ஓர் எழுத்து 1920ஐக் கடக்க 19.2 நொடி. தமிழ் வாசகம் நீளம், இந்த வேகம் படிக்க வசதியாகவே இருக்கும். 3.5 மாதிரி பின்ன வேகம் மட்டும் வேண்டாம், 444இலும் அது நொண்டும். இந்த ஃபில்டர் முழுப் பிக்சலில்தான் வைக்கும்.

புள்ளிக்கும் காரணம் அதே 4:2:0தான், கெடும் விதம் வேறு. ‘முருகன்’ என்று 36 பிக்சல் உயரத்தில் எழுதினால் ன் தலைமேல் இருக்கும் புள்ளி 3 அல்லது 4 பிக்சல்தான். அதன் சிவப்பு இரண்டு நிறக் கட்டங்களில் அடங்கிவிடும், அதிலும் பாதி பக்கத்துப் பின்னணியோடு சராசரி ஆகிவிடும். சிவப்புக்கு வெளிச்ச மதிப்பும் குறைவு. நிறமும் போய், வெளிச்ச வித்தியாசமும் இல்லாமல், புள்ளி கறை மாதிரி நிற்கும். ‘ன’வா ‘ன்’னா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டிய நிலை. இகர ஈகாரக் கொக்கிகளுக்கும் இதே கதி. ஆங்கில டிக்கரில் இந்த அளவுக்குக் கண்ணில் படாது, நம் எழுத்தில் உடனே உறுத்தும்.


செந்தூல் என்கோடர்:

அதற்கும் 444தானே வழி? ஓவர்லே, என்கோடு இரண்டையும் 444இல் வைத்தால் புள்ளி பிழைக்கும்.


ஜார்ஜ்டவுன் சுவிட்சர்:

மாஸ்டர் கோப்பில் பிழைக்கும். யூடியூபில் ஏற்றினால் அவர்கள் பார்வையாளருக்கு 4:2:0 ஆக்கித்தான் அனுப்புவார்கள். அதோடு பல டிவி, ஃபோன் ஹார்ட்வேர் டிகோடர்கள் 444 எச்.264ஐத் திறக்கவே திறக்காது. கலக்கும் இடத்தில் 444 வையுங்கள், நிறம் ஒரு முறை மட்டும் சராசரி ஆகட்டும், கடைசியில் 420 ஆக்கி அனுப்புங்கள். கடைசி 420இல் பிழைக்க வேண்டுமானால் டிசைன்தான் மாற வேண்டும்.

எழுத்து வெள்ளையோ சந்தன நிறமோ ஆகட்டும், சிவப்பு அடிப்பட்டைக்குப் போகட்டும். அப்போது புள்ளியைக் காட்டுவது நிறமில்லை, வெளிச்சம். அதற்கு முழு ரெசல்யூஷன் இருக்கிறது. கோடு 4 பிக்சலுக்குக் குறைய வேண்டாம், புள்ளி 6 பிக்சலுக்குக் குறைய வேண்டாம் என்பது என் அளவு. சிவப்பு எழுத்துதான் வேண்டும் என்று கோவில் குழு பிடிவாதம் பிடித்தால் 2 பிக்சலில் கருஞ்சிவப்பு வரம்பு போட்டு வெளிர் பட்டைமேல் வையுங்கள். நீலப் பட்டைமேல் சிவப்பு எழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம் லா, இரண்டின் வெளிச்சமும் குறைவு, 420இல் எல்லாம் சேறாகிவிடும்.

நேரலைக்கு வருவோம். ஓபிஎஸ் கேன்வாஸ் ஆர்ஜிபியில் கலக்குகிறது, 420 ஆவது என்கோடருக்குப் போகும்போதுதான். அதனால் இரட்டை எண் நொண்டல் அங்கே இல்லை. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டில் கலர் ஃபார்மட் என்வி12 (420இன் ஒரு வகை), கலர் ஸ்பேஸ் ரெக். 709, ரேஞ்ச் லிமிடெட் என்று இருக்கிறதா பாருங்கள், அது போதும். கிராஃபிக்கை கேன்வாஸ் அளவிலேயே செய்து வாங்குங்கள். சுருக்க வேண்டி வந்து லான்சோஸ் என்ற சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், கூர்மையான எழுத்தைச் சுற்றி ஒரு பிக்சலுக்கு வெளுத்த எதிரொலி வரும், அதை மறுபடியும் ஆல்ஃபா கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பைக்யூபிக் போதும்.

நிழல் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு அடர்த்தி, ஓபிஎஸ்ஸில் வேறு அடர்த்தி என்று தோன்றினால் இமேஜ் சோர்ஸில் ‘லீனியர் ஸ்பேஸில் ஆல்ஃபா’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். பாதி ஆல்ஃபா வெள்ளையைக் கறுப்பின்மேல் வைத்தால் சாதாரணக் கலப்பில் 128, லீனியரில் (ஒளியின் உண்மை அளவில் கலந்தால்) 188. அந்த வித்தியாசம் நிழலிலும் ஒளிவட்டத்திலும் தெரியும். டிசைனர் எதில் பார்த்துச் செய்தாரோ அதில் வையுங்கள், பெரும்பாலும் டிக் இல்லாமல்தான்.

ஓபிஎஸ்ஸை விட்டு ஏடெம் சுவிட்சரில் (நேரலைக் காட்சிகளை மாற்றும் கருவி) ஃபில் (நிறம்), கீ (ஆல்ஃபா) என்று இரண்டு லைன் கொடுப்பதாக இருந்தால், கீயர் பக்கத்தில் பிரீ மல்டிப்ளைட் கீ என்று ஒரு டிக் உண்டு. மேலே பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன அதே விஷயம்தான், அதே கறுப்புக் கோடுதான். கிராஃபிக் அசையும்போது மட்டும் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெட்டும் தெரிந்தால் அது ஆல்ஃபா வகை இல்லை, கீ லைன் ஃபில்லைவிட ஒரு ஃபிரேம் பிந்தி வருகிறது. கிராஃபிக் இல்லாத இடத்திலும் திரை முழுக்க லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தால் கீயின் கறுப்பு 0 இல்லாமல் 16இல் நிற்கிறது. 255இல் 16 என்றால் 6 சதவீதம், கண் பிடித்துவிடும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ ரேஞ்சைப் பாருங்கள்.


பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:

சதுரம் வைத்துப் பார்த்தேன்: முதலில் 236, 39, 18. ஒய்யுவிஏ444பி பூட்டியபின் 220, 21, 20. லோகோ பழைய குங்குமத்துக்குத் திரும்பிவிட்டது. டிக்கரை 4 பிக்சலுக்கு மாற்றினேன், நொண்டல் இல்லை. எழுத்தைச் சந்தன நிறமாக்கச் சொல்லி டிசைனருக்கு எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. ஓபிஎஸ்ஸுக்காக லோயர் தர்ட்டை விபி9 வெப்எம் (ஆல்ஃபாவையும் சுமக்கும் வீடியோ கோப்பு) ஆக மாற்றினேன். ஓபிஎஸ்ஸில் ஒளிபுகுந்து சரியாக வருகிறது. அதே வெப்எம்மை எஃப்எஃப்எம்பெக்கில் ஏற்றினால் முழுக் கறுப்புப் பெட்டி. கோப்பு கெட்டுவிட்டதா?


செந்தூல் என்கோடர்:

கோப்பு நன்றாக இருக்கிறது. வெப்எம்மில் ஆல்ஃபா தனி ஓடையாக ஒட்டிக்கொண்டு வரும், எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த விபி9 டிகோடர் அதைப் படிக்காமல் விட்டுவிடும். இன்புட் கோப்பின் பெயருக்கு முன்னால் டிகோடரை லிப்விபிஎக்ஸ்-விபி9 என்று குறிப்பிடுங்கள், ஆல்ஃபா வரும். பெயருக்குப் பின்னால் எழுதினால் அது என்கோடருக்குப் போய்விடும், பெட்டி அப்படியே இருக்கும்.

அதோடு அந்த வெப்எம் ஒய்யுவிஏ420பி. ஸ்ட்ரெய்ட் ஆக்கிய பிறகு அதைச் செய்திருந்தால், எழுத்துக்கு வெளியே உள்ள கறுப்பு ஓர நிறத்தோடு சராசரி ஆகி, மெல்லிசாகக் கறுப்பு வரம்பு மறுபடி எட்டிப் பார்க்கும். டிசைனர் நேரடியாக ஸ்ட்ரெய்ட்டில் ரெண்டர் செய்து, நிறம் எழுத்துக்கு வெளியேயும் பரவியிருந்தால் இந்தத் தொல்லை வராது. ஆக வெப்எம்மை ஓபிஎஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எஃப்எஃப்எம்பெக்குக்குப் புரோரெஸ்ஸையே கொடுங்கள்.